வெள்ளை விரிப்பும் ஒரு ஜோடி ஷூவும்

கெர்டா: ...வேண்டாம் ப்ரேபன், காபியெல்லாம் வேண்டாம். படத்தக் குடு, நான் கெளம்புறேன். முன்னால பெட்டி வச்ச சைக்கிள வெளிய நிறுத்தியிருக்கேன்.

ப்ரேபன்: சைக்கிள் எங்கயும் ஓடிடாது. உள்ள வா.

கெர்டா: மழை வர்ற மாதிரி இருக்கு. படம் நனைஞ்சா நீயா பதில் சொல்லுவ?

ப்ரேபன்: ஜூன் மாசத்துல நம்ம ஊர்ல என்னிக்கு மழை வர்ற மாதிரி இல்லாம இருந்துச்சு? வா... ருபார்ப் கேக் செஞ்சிருக்கேன்.

கெர்டா: நீயா?

ப்ரேபன்: பல் டாக்டர் கேக் செய்யக் கூடாதுன்னு சட்டமா?

கெர்டா: ஊரையே இனிப்பு திங்காதீங்கன்னு மிரட்டினவன் ஆச்சே நீ.

ப்ரேபன்: ரிட்டயர் ஆயிட்டேன். இனிமே யாரு பல்லு எப்படிப் போனா எனக்கென்ன.

கெர்டா: ப்ரேபன்... உன் ஷூ லேஸ் அவுந்து கெடக்கு.

ப்ரேபன்: ம், தெரியும்.

கெர்டா: தெரிஞ்சா கட்டித் தொலையேன். படிக்கட்டுல உருண்டு விழுந்தா நாளைக்கு மியூசியம் தொறக்கிறப்ப யாரு கொடி ஏத்துறது?

ப்ரேபன்: நீ ஏத்து. மியூசியத்துக்குத் தலைவி நீதானே.

கெர்டா: தலைவி பேசணும். கொடிக்கு நீ. கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு.

ப்ரேபன்: கூட்டம் போட்டு முடிவு பண்ணாம இந்த ஊர்ல ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. உக்காரு... பால் விடவா?

கெர்டா: கொஞ்சம். அரை கப் குடிச்சுட்டுப் போயிடுவேன்.

ப்ரேபன்: மத்த படமெல்லாம் திரும்பி வந்துடுச்சா?

கெர்டா: எல்லாம் வந்தாச்சு, உன்னோடது தவிர. சுவத்துக்குன்னு முடிவானத மாட்டியும் ஆச்சு. வாசலுக்கு நேரா ஒரே ஒரு எடந்தான் பாக்கி.

ப்ரேபன்: வாசலுக்கு நேராவா? அது நல்ல எடமாச்சே.

கெர்டா: கடைசியா வர்ற படத்துக்குன்னு விட்டது. உன் சோம்பேறித்தனத்துக்குக் கெடைச்ச பரிசு.

ப்ரேபன்: கூரை ஒழுகலையே?

கெர்டா: ஒரு சொட்டு இல்ல. நேத்து அந்தக் காத்துமழையில நானும் கூரை போட்ட மர்வானும் உள்ள போய் அண்ணாந்து பாத்துட்டே நின்னோம். பழைய பால் சொசைட்டி கட்டடம் மாதிரியே இல்ல. போன வருஷம் இந்நேரம் வாளி வாளியா வச்சுப் பிடிச்சுட்டிருந்தோம், ஞாபகம் இருக்கா?

ப்ரேபன்: வாளியப் பாக்கத்தான் ஜனம் வந்துச்சு. படத்தப் பாக்க யாரு வந்தா?

கெர்டா: வாரத்துக்கு மூணு பேர் வருவாங்க. அதுல ஒருத்தர் பாத்ரூமுக்கு.

ப்ரேபன்: அது நான்.

கெர்டா: தெரியும். நீ டவல்ல கை தொடைக்காம போவ, தரையெல்லாம் ஈரம்.

ப்ரேபன்: கூரை பிரிக்கிறப்ப படத்தையெல்லாம் எங்க வைக்கிறதுன்னு கூட்டத்துல மண்டையப் பிச்சுக்கிட்டீங்களே... நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு.

கெர்டா: நான் அத விளையாட்டா எடுத்துக்கல.

ப்ரேபன்: நீ எதையுமே விளையாட்டா எடுத்துக்க மாட்ட. மறுநாளே சீட்டுக் குலுக்க ஆள் சேத்துட்ட.

கெர்டா: சேத்ததால என்ன கெட்டுப் போச்சு? ரொட்டிக்கடை லாவ்கேகிட்டப் போய்க் கேளு. அந்தக் காளை மாட்டுப் படம் கடையில தொங்க ஆரம்பிச்சதுலேருந்து ரொட்டி வாங்க வந்தவங்கள்லாம் நின்னு பேசுறாங்களாம். முதியோர் இல்லத்துக்கு அந்த அம்மணப் பொண்ணு படம் போச்சே...

ப்ரேபன்: போர்வை போத்திவிட்டாங்களாமே?

கெர்டா: சால்வை. வெக்கப்பட்டு இல்ல, டிசம்பர் வந்துச்சுன்னு. அந்தப் பொண்ணுக்குக் குளிருமேன்னு கட்டிவிட்டாங்களாம். ஏப்ரல்லதான் அவுத்தாங்க.

ப்ரேபன்: குடிகாரங்க படம் பாதிரியம்மாவுக்கு விழுந்துச்சுல்ல?

கெர்டா: அதத் தேவாலயத்துல கோட்டு மாட்டுற எடத்துல வச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடுதுன்னு சொல்றாங்க, எதப் பாக்கன்னு தெரியல. அப்புறம் மர்வான்... சிரியாவுலேருந்து வந்த குடும்பம், அவங்களுக்குப் போய் அந்தப் பனிப்படம் விழுந்துச்சேன்னு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவன் என்ன சொன்னான் தெரியுமா?

ப்ரேபன்: என்ன சொன்னான்?

கெர்டா: "முதல் வாரம் அதைப் பார்த்தாலே குளிர்ந்தது. இப்போது அது எங்கள் வீட்டு ஜன்னல்." இப்படியே எழுதிக் குடுத்தான். படத்துக்குப் பக்கத்துல மாட்டியாச்சு. கோபன்ஹேகன்லேருந்து வந்த பத்திரிகைக்காரி அத மூணு தடவ படிச்சா.

ப்ரேபன்: கூரைக்குப் பலகை அடிச்சதுல பாதி அவன்தானே?

கெர்டா: பாதிக்கு மேல. மத்தவங்க சாசேஜ் சுட்டுட்டிருந்தாங்க. ஆனா பாரேன்... முன்னெல்லாம் ஆண்டுக் கூட்டத்துக்கு நாங்க ஆறு பேரும் ஒரு கேக்கும்தான். கேக்கு மிஞ்சிப் போகும். இந்தத் தடவ நாற்காலி பத்தல. பாட்டுக் குழு பால் ஆறவைக்கிற கூடத்துல வந்து பாடிப் பழகுறாங்க, எதிரொலி நல்லா இருக்காம். பழைய ஓடெல்லாம் பிள்ளைங்க எடுத்துட்டுப் போய்ப் படம் வரைஞ்சுட்டு வந்துதுங்க. எனக்கு... ஒருநாள் உள்ள நின்னு அழுகையே வந்துடுச்சு.

ப்ரேபன்: நீயா? அழுதியா?

கெர்டா: சிமெண்டுத் தூசி.

ப்ரேபன்: ஓ... தூசி.

கெர்டா: சரி, காபி தீந்துச்சு. படம் எங்க? சோபாவுக்கு மேல இருந்துச்சே, காணோம்.

ப்ரேபன்: கேக் சாப்பிடு.

கெர்டா: ப்ரேபன். படம் எங்க?

ப்ரேபன்: ஈஸ்டருக்கு அப்புறம் மாத்திட்டேன். நீ ஏப்ரல்லேருந்து வரலையே. அதுவரைக்கும் மாசாமாசம் வந்த.

கெர்டா: ஈரப்பதம் பாக்க வந்தேன். எல்லார் வீட்டுக்கும் போவேன்.

ப்ரேபன்: லாவ்கே கடைக்கு ஒரே ஒரு தடவதான் போனியாம். ரொட்டி அடுப்பு எரியிற எடத்துல ஈரப்பதம் எப்படின்னு நீ கேக்கவே இல்லையாம்.

கெர்டா: லாவ்கே ரொம்பப் பேசுறான்.

ப்ரேபன்: அப்போ என் வீட்டுச் சுவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு அக்கறை?

கெர்டா: நீ அத எங்க வச்சிருக்கன்னு மொதல்ல சொல்லு. சமையக்கட்டுன்னு மட்டும் சொல்லிடாத—

ப்ரேபன்: வைத்திய ரூம்ல.

கெர்டா: எந்த... பல்லு புடுங்குற ரூம்லயா?

ப்ரேபன்: புடுங்கின ரூம். வா, காட்டுறேன். பாத்து, வாசப்படி ஒசரம்.

கெர்டா: நீ பாத்து வா, லேஸ் தரையில இழுபடுது... அடடா. இந்த நாற்காலிய இன்னும் விக்கலையா?

ப்ரேபன்: யாரு வாங்குவா? இந்த ஊர்ல பாதிப் பேர் அதுல உக்காந்து அழுதவங்க. உக்காரு.

கெர்டா: நான் எதுக்கு? எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

ப்ரேபன்: படம் நேர் எதிர்ல இருக்கு. இதுல சாஞ்சு பாத்தாத்தான் சரியாத் தெரியும். நான் தெனமும் அப்படித்தான் பாக்குறேன்... ம், தலைய நல்லாச் சாச்சுக்கோ. வாயத் தொறக்க வேண்டாம். தெரியுதா?

கெர்டா: ...தெரியுது. வெளிச்சம் நல்லா வருது இங்க.

ப்ரேபன்: வடக்கு ஜன்னல். சொத்தையும் தெரியும், சாயமும் தெரியும்.

கெர்டா: சரி, வந்த வேலையப் பாப்போம். பேனா வச்சிருக்கேன். நீ ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, வருஷம் பூரா இது உன் வீட்டுல இருந்துச்சு, உனக்கு என்ன தோணுச்சு. அது படத்துக்குப் பக்கத்துல வரும், எல்லாரையும் போல.

ப்ரேபன்: ரெண்டாவது?

கெர்டா: உனக்கே தெரியும். இது கூரையப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பரணக் காலி பண்ணப்ப கெடைச்சது. கையெழுத்து இல்ல, யாரு வரைஞ்சதுன்னு தெரியாது. பரண் படத்துக்கெல்லாம் கூட்டத்துல ஒரு முடிவு எடுத்தோம். யாரு வீட்டுல இருந்துச்சோ அவங்க சொல்லணும். சுவரா, நெருப்பா.

ப்ரேபன்: நெருப்புன்னா... நாளைக்கு நடுக்கோடைத் திருவிழாத் தீயிலயா?

கெர்டா: ஆமா. கரையில கூரைப் பலகையெல்லாம் குவிச்சு வச்சிருக்கு. வேண்டாம்னா அதுல போயிடும். ரெண்டு பரண் படம் ஏற்கனவே அங்க போயாச்சு.

ப்ரேபன்: நான் வேண்டாம்னா வாசலுக்கு நேரா எத மாட்டுவ?

கெர்டா: காளையத்தான்.

ப்ரேபன்: நல்ல காளை.

கெர்டா: அந்தக் காளை மொதல்ல உனக்குத்தானே விழுந்துச்சு, ப்ரேபன். சீட்டுல உனக்குக் காளை, லாவ்கேவுக்கு இது. ஊரே காளைக்கு ஏங்கிட்டிருந்துச்சு. நீ அத அவன்கிட்டக் குடுத்துட்டு இத வாங்கிட்டு வந்த. ஒரு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்... ஏன்?

ப்ரேபன்: சோபாவுக்கு மேல எடம் சின்னது.

கெர்டா: ரெண்டும் ஒரே அளவு.

ப்ரேபன்: காளைக்குக் கொம்பு இருக்கு.

கெர்டா: உன்கிட்ட ஒழுங்கா ஒரு பதில் வாங்கவே முடியாதா?

ப்ரேபன்: நீ மொதல்ல சொல்லு. கண்காட்சிக்குப் படம் பொறுக்குற தேர்வுக் குழுவுல அவ்வளவு வருஷம் இருந்தவ. ஊர்ல வரையிறவன் எல்லாம் உன் பேரக் கேட்டாலே நடுங்குவான். இந்தப் படம் எப்படி?

கெர்டா: நான் எதுக்குச் சொல்லணும்? உன் வாயிலேருந்து வரணும்.

ப்ரேபன்: சரி, நானே சொல்றேன். மறைக்காம சொல்லலாமா?

கெர்டா: மறைக்காம சொல்லு. அதுக்குத்தான் வந்திருக்கேன்.

ப்ரேபன்: புல்லு சரியில்ல. கீரைய அரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு.

கெர்டா: ம்.

ப்ரேபன்: துணி காயப்போட்ட கொடிக்கயிறு... அவ்வளவு பெரிய ஈர விரிப்பத் தாங்குற கயிறு நடுவுல தொய்யணும். இது ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா நிக்குது.

கெர்டா: காத்து தூக்கிப் பிடிக்குது. காத்துல விரிப்பு கனக்காது.

ப்ரேபன்: ஓ, காத்தா. அப்போ விரிப்பு ஏன் ஆடாம தொங்குது?

கெர்டா: அது... சரி, தப்புதான். வேற?

ப்ரேபன்: வானத்துல பாதி அவசரமா முடிச்சிருக்கு. யாரோ வந்துட்டாங்கன்னு பிரஷ்ஷ ஒளிச்சு வச்ச மாதிரி.

கெர்டா: அவசரமா முடிச்சதா இருக்கணும்னு இல்ல. வீட்டுல வேலை இருக்கிற ஆளா இருக்கலாம்... எனக்கென்ன தெரியும். வேற?

ப்ரேபன்: அவ்வளவுதான் குறை.

கெர்டா: புல்லு, கயிறு, வானம். மிச்சம் என்ன இருக்கு அந்தப் படத்துல? ஒரு வெள்ளைத் துணி. நெருப்புன்னே எழுதிடவா?

ப்ரேபன்: மிச்சம் அந்தக் காலு இருக்கே. விரிப்புக்குக் கீழ ரெண்டு காலு தெரியுதே, ஷூ போட்டுட்டு. பின்னால யாரோ நிக்கிறாங்க. வீட்டுக்கு யாரு வந்தாலும் மொதக் கேள்வி அதுதான், யாரு அது பின்னாலன்னு. தபால்காரப் பொண்ணு கடிதாசி போட வந்து கால் மணி நேரம் நின்னா.

கெர்டா: அவ என்ன சொன்னா?

ப்ரேபன்: துணி காயப்போட வந்த பொம்பள, ஒளிஞ்சு நின்னு அழுறான்னு சொன்னா. என் அக்கா வந்தப்ப, இல்ல, ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுறாங்க, இப்பச் சிரிக்கப் போறாங்கன்னு சொன்னா. கொழாய் ரிப்பேருக்கு வந்தவன் ஒண்ணுக்குப் போறான்னுட்டான்.

கெர்டா: போக்கிரி.

ப்ரேபன்: சிரிக்கிறியே. நீ என்ன நெனைக்கிற?

கெர்டா: நான் எதுவும் நெனைக்கல. நீ? தெனமும் பாத்தியே... அது ஆம்பள ஷூவா, பொம்பள ஷூவா?

ப்ரேபன்: பெரிய காலு. கெட்டிச் சோல். ஆம்பளன்னு வச்சுக்கோயேன்.

கெர்டா: உனக்குத் தெரிஞ்ச யாரோடதாவது... மாதிரி?

ப்ரேபன்: கெர்டா, நான் ஆயுசு பூரா வாயத்தான் பாத்தேன். காலையா பாத்தேன்?

கெர்டா: அதுவும் சரிதான்... சரி, போதும். சுவரா, நெருப்பா? சீக்கிரம் சொல்லு.

ப்ரேபன்: ஏன் நாற்காலியோட கைப்பிடிய அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்க?

கெர்டா: பழக்கம். இதுல உக்காந்தா எல்லாரும் பிடிப்பாங்க.

ப்ரேபன்: வலிக்குதா?

கெர்டா: எது வலிக்குதா? நீ எதையும் தொடவே இல்லையே.

ப்ரேபன்: இதே நாற்காலியில எத்தனை பேர் "வலிக்கல டாக்டர்"னு சொல்லிருப்பாங்கன்னு நெனைக்கிற? வாய் அப்படித்தான் சொல்லும். ஆனா கண்ணுக்குக் கீழ ஒரு எடம் இருக்கு... அது பொய் சொல்லாது. அதப் பாத்துப் பாத்தே என் பொழப்பு ஓடிச்சு.

கெர்டா: இப்போ எதுக்கு இந்தக் கதை?

ப்ரேபன்: நீ கேட்டல்ல, ஏன் காளையக் குடுத்தேன்னு. சொல்றேன். வசந்தகாலக் கண்காட்சிக்குப் படம் தூக்கிக் காட்டுறவன் நான்தானே அப்போல்லாம்?

கெர்டா: ஆமா. பெட்டி மேல ஏறி நின்னு.

ப்ரேபன்: யாரு வரைஞ்சதுன்னு பேர் இருக்காது. ஒவ்வொண்ணா எடுத்து நெஞ்சுக்கு நேராப் பிடிப்பேன். நீங்க ஏழு பேரும் எதிர்ல பெஞ்சுல உக்காந்திருப்பீங்க. பிடிச்சா கை தூக்கணும், இல்லன்னா அடுத்தது. நீங்க படத்தப் பாப்பீங்க. எனக்குப் படம் தெரியாது. எனக்குத் தெரியிறது உங்க ஏழு பேர் மூஞ்சிதான்.

கெர்டா: ...எங்களுக்கு நீ தெரிய மாட்ட. படத்துக்கு மேல உன் தலை, கீழ...

ப்ரேபன்: கீழ?

கெர்டா: ஒண்ணுமில்ல. சொல்லு.

ப்ரேபன்: இந்தப் படத்தத் தூக்கின அன்னிக்கு மூணு பேர் கை தூக்கினாங்க, மூணு பேர் தூக்கல. எல்லாரும் ஏழாவது ஆளப் பாத்தாங்க. நானும் பாத்தேன்.

கெர்டா: அவ்வளவு வருஷம் ஆச்சு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

ப்ரேபன்: மத்த ஆறு பேர் மூஞ்சி மறந்து போச்சு. காபிக்கு எப்போ எழுந்து போகலாம்னு இருந்த மூஞ்சிங்க. ஆனா அந்த ஒரு மூஞ்சி... வேர் வரைக்கும் போன பல்ல மரப்பு ஊசி போடாம புடுங்குறப்ப இருக்குமே, அப்படி இருந்துச்சு. கை மடியில கெடந்துச்சு. ஒரு கை இன்னொரு கையப் பிடிச்சு அமுக்கிட்டிருந்துச்சு. தூக்க விடாம. அந்தக் கை ஏறல, படம் தேறாம வெளிய போச்சு.

கெர்டா: அந்த ஆளுக்கு அது பிடிக்காம இருந்திருக்கலாம்.

ப்ரேபன்: இருக்கலாம்.

கெர்டா: இல்ல, வேற மாதிரியும்... இப்படி யோசிச்சுப் பாரு. ஒருவேளை அந்த ஆளு வரைஞ்சதாவே இருந்துச்சுன்னு வச்சுக்கோ. சும்மா, ஒரு பேச்சுக்கு. கை தூக்கினா படம் சுவருக்கு ஏறும். ஏறினா பேர் வெளிய வரும். தன் படத்துக்குத் தானே கை தூக்கினவன்னு ஊர்ல சொல்ல மாட்டாங்களா? அதுக்கப்புறம் ரொட்டிக்கடைக்குப் போக முடியுமா இந்த ஊர்ல?

ப்ரேபன்: கூட்டத்த விட்டு எழுந்து வெளிய போயிருக்கலாமே.

கெர்டா: போனா ஏன் போறான்னு பாக்க மாட்டாங்களா?

ப்ரேபன்: குழுவுல இருக்கிறப்ப அனுப்பாமயே இருந்திருக்கலாம்.

கெர்டா: மத்தவங்க மூஞ்சியப் பாக்கணும்னு ஆசையா இருந்திருக்கும். பேர் தெரியாம பாத்தா என்ன சொல்வாங்கன்னு. அது ஒரு... அது ஒரு பைத்தியக்கார ஆசை. தன்னோட கைதான் கடைசிக் கையா வந்து நிக்கும்னு யாரு கண்டா?

ப்ரேபன்: ஒரு பேச்சுக்கு.

கெர்டா: ஆமா, ஒரு பேச்சுக்கு.

ப்ரேபன்: தள்ளின படத்த ஒரு வாரத்துக்குள்ள அவங்கவங்க வந்து எடுத்துட்டுப் போகணும். இதுக்கு யாரும் வரல.

கெர்டா: எப்படி வருவாங்க? வந்தா தெரிஞ்சுடும்ல. யாரும் எடுக்காதத அந்த வருஷம் நடுக்கோடைத் தீயிலதான் போட்டாங்க. நானே கூட நின்னு பாத்தேன்... எரிஞ்சு போச்சுன்னுதான் அவ்வளவு வருஷமும் நெனைச்சுட்டிருந்தேன். தச்சங்க பரண்லேருந்து எறக்கிக் கொண்டுவந்தப்ப எனக்கு... ப்ரேபன், அது எப்படிப் பரணுக்குப் போச்சுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

ப்ரேபன்: ஏணி வச்சு ஏறித்தான். தனியா ஏறினேன். முட்டியில அடிபட்டுச்சு.

கெர்டா: நீயா?

ப்ரேபன்: தீக்குக் கொண்டுபோற வேலையும் எனக்குத்தானே குடுத்தீங்க. ஒண்ணு குறைஞ்சத யாரும் எண்ணல.

கெர்டா: அப்போவே ஏன் சொல்லல?

ப்ரேபன்: யார்கிட்ட? அந்த மூஞ்சிக்காரங்களுக்கு வீட்டுல புருஷன் இருந்தாரு. எய்னர் நல்ல மனுஷன், என்கிட்டதான் பல்லு கட்டினாரு. நான் என்னன்னு போய்ச் சொல்ல?

கெர்டா: எய்னர் போயி ஏழு வருஷம் ஆச்சு.

ப்ரேபன்: அப்புறம் பரணுக்கு ஏற முட்டி விடல. அதான் கூரை ஒழுகட்டும்னு காத்திருந்தேன்.

கெர்டா: ...கேலி பண்ணாத.

ப்ரேபன்: பண்ணல. கூரையப் பிரிக்கணும்னு கூட்டத்துல மொதல்ல கை தூக்கினது யாருன்னு யோசிச்சுப் பாரு.

கெர்டா: நீ... பாத்ரூமுக்கு மட்டும் வர்றவன் எதுக்குக் கூரையப் பத்தி இவ்வளவு கவலப்படுறான்னு அப்போவே நெனைச்சேன்.

ப்ரேபன்: ஊர்ல எல்லாரும் கூரைக்குத்தான் வந்தோம்னு நெனைச்சாங்க. சரிதான், கூரையும் நல்லா ஆச்சு. மர்வான் வந்தான், பாட்டுக் குழு வந்துச்சு, லாவ்கேவுக்குக் காளை கெடைச்சது. ஆளாளுக்கு ஒண்ணு கெடைச்சது. நான் கேட்டது இந்த ஒண்ணுதான்.

கெர்டா: அப்போ... பேச்சுக்குன்னு சொன்னது போதும். நேராவே கேக்குறேன். உக்காந்த எடத்துலேருந்து எழுந்திருக்காம கேக்குறேன். புல்லு சரியில்ல, கயிறு சரியில்ல, வானம் அரைகுறை. அதெல்லாம் நெஜந்தான், எனக்கும் தெரியும். நான் ஒரு தடவதான் வரைஞ்சேன், ப்ரேபன். எய்னர் மீன்சந்தைக்குப் போற காலையில, துவைக்கிற ரூம்ல வச்சு வரைஞ்சேன். அதுக்கு முன்னாடியும் வரையல, அப்புறமும் வரையல. அத எரிச்சா எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா பாவப்பட்டுச் சுவத்துல மாட்டினா, நானே கொண்டுபோய்த் தீயில போட்டுடுவேன். ஆகையால உண்மையச் சொல்லு. சுவரா, நெருப்பா?

ப்ரேபன்: சுவரு.

கெர்டா: பாவப்பட்டா?

ப்ரேபன்: பாவப்படுறவன் புல்லையும் கயிறையும் பத்திச் சொல்லுவானா? சுவரு. வாசலுக்கு நேரா.

கெர்டா: ...இரு. மூக்குக் கண்ணாடி நனைஞ்சுடுச்சு.

ப்ரேபன்: தூசி.

கெர்டா: வாய மூடு... சரி, பக்கத்துல என்ன எழுதணும்? சொல்லு, எழுதிக்கிறேன். சுருக்கமா இருக்கணும்.

ப்ரேபன்: எழுது. "துணிக்குப் பின்னால் நிற்பது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். உள்ளூர்க்காரர்தான். இன்னும் அங்கேயே நிற்கிறார்."

கெர்டா: ...உனக்கு அது யாருன்னு தெரியுமா?

ப்ரேபன்: எழுதிட்டியா? "இன்னும்"கிறத விட்டுடாத.

கெர்டா: ப்ரேபன். நான் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெஞ்சுல உக்காந்து படங்களப் பாத்தேன். நல்லது, மோசமானது, எல்லாத்துக்கும் கீழ ஒரே மாதிரி ரெண்டு காலு. படம் மாறும், காலு மாறாது. மத்தவங்க யாரும் அதப் பாக்கவே இல்லன்னு நெனைக்கிறேன். நீயும் பாக்கலன்னு இப்பத்தான் சொன்ன, வாயத்தான் பாப்பேன்னு... எப்போலேருந்து தெரியும் உனக்கு?

ப்ரேபன்: அன்னிலேருந்து. நீங்க எல்லாரும் காபிக்கு எழுந்து போனீங்க. நான் பெட்டியிலேருந்து எறங்கி, படத்த என் காலுக்குப் பக்கத்துல சுவரோரமாச் சாச்சு வச்சேன். குனிஞ்சு பாத்தா நாலு ஷூ. ரெண்டு படத்துல, ரெண்டு என் கால்ல. அதுலயும் எடதுகால்ல லேஸ் அவுந்து கெடக்கு, இதுலயும் எடதுகால்ல லேஸ் அவுந்து கெடக்கு. அதுவரைக்கும் அது எனக்கு வெறும் மறதி, கெர்டா. அன்னிலேருந்துதான் வேணும்னே கட்டாம விடுறேன்... எங்க பாத்தாலும் கட்டித் தொலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவியேன்னு.